லாங் மெல்ஃபோர்டுப் பங்குக் கோயில்



இங்கிலாந்து தேசத்தின் சமயக் கட்டடங்களைப் பற்றிப் பேச முன்வருவோர் கான்டர்பரி, டர்ஹாம், சால்ஸ்பரி முதலிய பேராலயங்களையே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அவை மேற்றிராணியார்களும் அரசர்களும் துறவியர் கூட்டங்களும் எழுப்பிய அற்புத நிர்மாணங்கள்; அவற்றின் மகிமையைக் குறைத்துக் கூறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும் ஒரு தேசத்துச் சாமானிய ஜனங்கள் எதை நம்பினார்கள், எதற்கு அஞ்சினார்கள், உழைத்துத் தேடிய பொருளை எந்த ஆசையினால் கல்லிலும் கண்ணாடியிலும் செலவிட்டார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள், அந்தப் பேராலயங்களைச் சற்றே விட்டு விலகி, ஊர்தோறும் நிற்கும் பங்குக் கோயில்களைப் பார்க்க வேண்டும். மத்திய காலத்தில் எழுந்த அத்தகைய கோயில்கள் இன்றும் அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்றை, கிழக்குப் பகுதியான சஃபோக் மாகாணத்தில் லாங் மெல்ஃபோர்டு என்னும் ஊரிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தை, இன்றைய சொற்பொழிவுக்கு விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

பங்கு என்பது எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதி. அந்த எல்லைக்குள் பிறந்தவன் அக்கோயிலின் தொட்டியிலே ஞானஸ்நானம் பெற்றான்; அங்கேயே விவாகம் செய்துகொண்டான்; மரித்தபின் அதன் முற்றத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டான். தன் நிலத்தின் விளைவிலும் கால்நடையின் பெருக்கத்திலும் தசமபாகத்தை அந்தக் கோயிலின் குருவுக்குச் செலுத்தினான். கட்டடத்தைப் பராமரிக்கும் கடமையும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பலிபீடம் அமைந்த கிழக்குப் பகுதியைச் செப்பனிட்டு வைப்பது தசமபாகம் பெறுகிற குருவின் பொறுப்பு. ஜனங்கள் நின்று வழிபடும் நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஊராரின் பொறுப்பு. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், பல ஆங்கிலக் கோயில்களில் பீடப் பகுதி எளியதாகவும் நடுக்கூடம் ஆடம்பரமாகவும் இருப்பதன் காரணம் விளங்கும். ஊராரிடத்தில் பணம் புரண்ட காலங்களில் அவர்கள் தங்கள் பாகத்தை உயர்த்திக் கட்டினார்கள்; குருவோ இருந்ததே போதும் என்று இருந்துவிட்டார். மெல்ஃபோர்டில் ஊரார் அந்த எல்லையையும் தாண்டிச் சென்றார்கள். மேற்கு வாயிலிலிருந்து கிழக்குக் கோடிவரை ஏறக்குறைய முழுக் கோயிலையும் தங்கள் செலவிலேயே புதுப்பித்தார்கள்.

அவர்களுக்கு அத்தனை பொருள் எங்கிருந்து வந்தது? மெல்ஃபோர்டு, ஸ்டவர் என்னும் சிற்றாற்றின் அருகே, ஒரே நீண்ட வீதியாக அமைந்த ஊர். ஊரின் பெயரில் உள்ள அடைமொழியும் அந்த வீதியின் நீளத்தைக் குறித்து வந்ததே. ஊரின் பெருநிலமும் கோயிலின் உரிமையும் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்துப் பெரிய மடத்துக்குச் சொந்தமாயிருந்தன. பதினான்காம் நூற்றாண்டில் அரசாங்கம் ஏற்றுமதியாகும் ஆட்டுமயிரின்மீது கனத்த வரி விதித்தது. அதனால் மயிரை அப்படியே கடல் கடத்தி விற்பதைவிட, உள்நாட்டிலேயே நூற்று நெய்து துணியாக்கி விற்பது ஆதாயமாயிற்று. சஃபோக்கின் தென்பகுதியில் ஒரு புதிய வகுப்பார் தலையெடுத்தனர். இவர்கள் மயிரைக் கொள்முதல் செய்து, வீடுகளில் நூற்கும் பெண்களிடத்தில் கொடுத்து, நூலைத் தறிக்காரரிடம் சேர்த்து, நெய்த துணியை ஆற்றங்கரை ஆலைகளில் அடித்துக் கெட்டிப்படுத்தி, சாயமேற்றி, இலண்டனுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பிய ஜவுளி முதலாளிகள். பக்கத்து ஊரான லாவென்ஹாமின் கோபுரம் இவ்வகுப்பாரின் செல்வத்துக்கு இன்னொரு சாட்சி. ஆக்ஸ்ஃபோர்டுப் பிரபுக்களாகிய டி வேர் வமிசத்தாரின் நட்சத்திரச் சின்னமும், ஸ்பிரிங் என்ற ஜவுளிக் குடும்பத்தாரின் வியாபார முத்திரையும் ஒரே கோயிலின் சுவரில் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, அக்காலத்துச் சமூகத்தில் எத்தகைய மாறுதல் நேர்ந்தது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

மெல்ஃபோர்டுத் திருப்பணிக்குத் தலைமை வகித்தவர் ஜான் கிளாப்டன். ஊரை அடுத்த கென்ட்வெல் மாளிகை அவருடையது. ரோஜாப்பூப் போர்கள் என்று சரித்திரக்காரர் கூறும் உள்நாட்டுக் கலகத்தில் அவர் லங்காஸ்டர் பட்சத்தைச் சேர்ந்தவர். 1462ஆம் ஆண்டில், நாடு கடந்து வாழ்ந்த அப்பட்சத்து மார்கரெட் இராணியோடு இரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில், பன்னிரண்டாவது ஆக்ஸ்ஃபோர்டுப் பிரபுவும், அவருடைய மூத்த குமாரரும், சர் தாமஸ் டடென்ஹாம் முதலிய சிலரும், அவர்களோடு கிளாப்டனும் இலண்டன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் சிரச்சேதத்துக்கு உள்ளாயினர். கிளாப்டன் ஒருவரே உயிர் தப்பி வீடு திரும்பினார். அதற்குப்பின் 35 ஆண்டுகள் வாழ்ந்து 1497இல் காலமானார். கோயில் திருப்பணி நடந்ததும் அந்த ஆண்டுகளிலேதான். தோழர்களின் தலை விழக் கேட்டுத் திரும்பிய ஒருவர், மிஞ்சிய ஆயுளையும் செல்வத்தையும் மரித்தோருக்காக ஜெபிக்கும் ஓரிடத்தை எழுப்புவதிலே செலவிட்டார் என்பதை நான் தற்செயல் என்று எண்ண மாட்டேன். இதற்குச் சாசன ஆதாரம் காட்ட இயலாது. ஆனால் அந்தக் கோயிலின் ஒவ்வொரு மூலையும் என்னை அந்த முடிவுக்கே கொண்டு செல்கிறது.

இனிக் கட்டடத்தைப் பார்ப்போம். சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சுண்ணப் பாறையில் விளையும் சிக்கிமுக்கிக் கல் ஒன்றே. அது உருண்டை உருண்டையாக, ஒழுங்கற்ற வடிவத்தில் கிடைக்கும். சதுரமாகச் செதுக்கத்தக்க வெண்கல்லைத் தொலைவிலிருந்து படகிலும் வண்டியிலும் ஏற்றிவர வேண்டியிருந்தபடியால், அது விலையுயர்ந்த சரக்காக இருந்தது. இந்தக் குறையிலிருந்துதான் கிழக்கு இங்கிலாந்தின் கொத்தர்கள் தங்களுக்கே உரிய ஓர் அலங்காரக் கலையைச் சிருஷ்டித்தார்கள். சிக்கிமுக்கி உருண்டையை உளிபட உடைத்தால், உள்ளே கறுத்து மினுமினுக்கும் முகம் தோன்றும். அந்த முகத்தை வெளிப்புறமாக வைத்து, வெண்கல்லில் குடைந்த சட்டங்களுக்குள் சுவரோடு சுவராகச் சமமட்டமாகப் பதித்தார்கள். மழை பெய்து ஓய்ந்தபின் வெயில் படும்போது அந்தக் கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் அழகு, விலைமிக்க சலவைக்கல்லிலும் காணக் கிடைக்காதது.

மெல்ஃபோர்டிலே இந்தக் கைத்தொழிலைக் கொண்டு சுவரின்மேல் எழுதினார்கள். தென்புறத்தில் கைப்பிடிச் சுவரின் அடியில், கிழக்குக் கோடியிலுள்ள தேவமாதா சிறுகோயிலின் மேல்விளிம்பில், கோயிலைச் சுற்றி வருகிறவன் தலையை நிமிர்த்திப் படிக்கத்தக்க விதமாக, இந்தக் கட்டடத்தின் இன்னின்ன பாகத்தை இன்னார் செய்தார், இன்னாருடைய பொருளினால் இது நடந்தது, அவருடைய ஆன்மாவுக்காகவும் அவர் மனைவி மக்கள் ஆன்மாவுக்காகவும் ஜெபியுங்கள் என்ற வாசகங்கள் ஓடுகின்றன. கிளாப்டன், மார்ட்டின், மோரியெல் முதலிய குடும்பப் பெயர்கள் அங்கே உள்ளன, ஆண்டுகளும் உள்ளன, தேவமாதா சிறுகோயிலின் எழுத்தில் 1496 என்ற ஆண்டு காணப்படுகிறது. மொழி பெரும்பாலும் லத்தீன் அல்ல, ஊரார் பேசிய ஆங்கிலமே. உபயதாரர் பெயரைக் கோயிற் சுவரில் பொறித்தல் பல தேசங்களிலும் உள்ளதுதான். ஆனால் கோயிலின் வெளிப்புறம் முழுவதையும் ஊராரின் உபயக் கணக்கேடாகவே ஆக்கிவிட்ட இந்த முயற்சிக்கு நிகராக இங்கிலாந்தில் வேறொன்றைச் சொல்வது அரிது.

அவர்கள் பெயர் பொறித்தது வெறும் கீர்த்தி ஆசையினால் என்று கூறுவோர் உண்டு. கீர்த்தி ஆசை இல்லாதிருந்திருக்காது. ஆனால் அந்த வாசகங்களின் முதற்சொல் ஒரு வேண்டுகோளாக அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மரித்த ஆன்மா மோட்சத்துக்குப் போகுமுன் உத்தரிக்கிற ஸ்தலத்திலே தன் பாவங்களின் கறையைத் தீர்க்க வேண்டும்; பூமியிலுள்ளோர் செய்யும் ஜெபமும் ஒப்புக்கொடுக்கும் பூசையும் அந்த வேதனைக் காலத்தைக் குறைக்கும் என்பது அக்காலத்துக் கிறிஸ்தவரின் நம்பிக்கை. கொள்ளைநோய் 1348-49இல் தேசத்தின் ஜனத்தொகையில் ஒரு பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனதற்குப் பிறகு, ஆயத்தமில்லாமல் சாவதைப் பற்றிய அச்சம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தது. ஆகவே மரணசாசனம் எழுதிவைத்த ஒவ்வொரு ஜவுளி முதலாளியும் பூசைகளுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் ஏழைகளுக்கு அன்னமிடுவதற்கும் பொருள் ஒதுக்கினான். கோயிலின் ஒரு சாளரத்தையோ ஒரு வளைவையோ எழுப்பினவன், வரப்போகிற தலைமுறைகள் எல்லாம் தன்னை மறவாதிருக்க வழி செய்துகொண்டான். உயிரோடிருப்பவர்களும் இறந்தவர்களும் ஒரே ஊரின் குடிகள் என்பதே அந்தச் சுவரெழுத்தின் அடிப்படை. மெல்ஃபோர்டின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நிகழ்ந்தது என்று நான் கருதுகிறேன்.

உள்ளே நுழைந்தவுடன் மனத்தைக் கவர்வது நீளமும் வெளிச்சமும். நடுக்கூடமும் பீடப் பகுதியும் இடையில் வளைவு ஏதும் குறுக்கிடாமல் ஒன்பது கட்டங்களாக, 150 அடிக்கு மேற்பட்ட நீளத்துக்கு ஒரே போக்காகச் செல்கின்றன. மேற்குப் பக்கத்து ஐந்து கட்டங்களின் தூண்கள் முந்திய கோயிலைச் சேர்ந்தவை என்பர். கிழக்கேயுள்ளவை கிளாப்டன் காலத்தவை. பழைய தூண்களை அகற்றாமல் அவற்றின் அளவுக்கு இசையப் புதியவற்றைச் சேர்த்து, மேலே ஒரே உயரத்தில் சாளர வரிசையை ஏற்றிய அந்தக் கொத்தரின் அடக்கம் பாராட்டுக்குரியது. ஒவ்வொரு வளைவின்மேலும் இரண்டிரண்டாகச் சாளரங்கள். அவற்றின் அடியிலுள்ள சுவரும் சாளரத்தின் கம்பக்கோடுகளைத் தொடர்ந்து இறங்கும் கற்சட்டங்களால் நிரப்பப்பட்டிருக்கிறது. கோயில் முழுவதிலும் 74 சாளரங்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கட்டடமுறையைச் செங்குத்துப் பாணி என்று கூறலாம். அப்பெயரை வழங்கியவர் தாமஸ் ரிக்மன். 1817இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலக் கட்டடக் கலையைக் காலகிரமப்படி வகுத்து அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. அதற்கு முந்திய பாணியில் சாளரத்தின் கற்கொடிகள் வளைந்து நெளிந்து இலையும் தீச்சுடரும்போல் ஓடும். இந்தப் பாணியிலோ கம்பங்கள் அடியிலிருந்து வளைவின் முகடுவரை நேராக ஏறிச் சென்று முட்டுகின்றன. கூரை கல்லால் கவிந்ததன்று. ஈயத்தகடு வேய்ந்த மரக்கூரை, அதிகச் சாய்வு இல்லாதது. அதன் பாரம் குறைவாதலால் சுவர் கனமாயிருக்க வேண்டிய அவசியமில்லை. சுவர் மெலியவே, சாளரம் அகன்றது. சாளரம் அகலவே, கண்ணாடியில் எழுதும் சித்திரக்காரருக்கு இடம் கிடைத்தது. கலை விமரிசகரான ரஸ்கின் இந்தப் பாணியை வெறுத்தார். உயிரற்ற இயந்திர வேலை என்று அவருக்குத் தோன்றிற்று. அவருடைய கண்ணுக்கு வெனிஸ் நகரத்தின் செழுமை பழகியிருந்தது. ஆனால் வருஷத்தில் பாதி நாள் மேகம் மூடிய ஒரு வடதேசத்திலே, கிடைக்கும் வெளிச்சத்தில் ஒரு துளியையும் வீணாக்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்த இந்த உபாயத்தை உயிரற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாளரக் கண்ணாடிகளில் கிளாப்டன் தம் சுற்றத்தாரையும் நண்பர்களையும் பிரபுக்களையும் நீதிபதிகளையும் முழந்தாளிட்டு ஜெபிக்கும் கோலத்தில் எழுதுவித்தார். அவர்களுள் நார்ஃபோக் சீமாட்டி எலிசபெத் டால்பட் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கவர். அக்காலத்து நாகரிகப்படி, தலைக்குப் பின்னால் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப்போல் விரிந்த மெல்லிய துகில் அணிந்திருக்கிறார். ஆதியில் மேற்சாளரங்களில் இருந்த இவ்வுருவங்கள் பின்னாளில் சேகரிக்கப்பட்டுக் கீழ்ச் சாளரங்களில் அமைக்கப்பட்டன, எஞ்சியவை சிலவே. அர்ச்சியசிஷ்ட எட்மண்டின் காலடியில் பெரி மடாதிபதி முழந்தாளிட்டிருக்கும் சித்திரமும், இயேசுநாதரின் உயிரற்ற உடலை மடியில் ஏந்திய தேவமாதாவின் சித்திரமும் அவற்றுள் அடங்கும். வடவாயிலின் மேல் சிறு வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. ஒன்றையொன்று துரத்தி ஓடும் மூன்று முயல்கள். மொத்தக் காதுகள் மூன்றே. ஆயினும் ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காதுகள் இருப்பதாகத் தோன்றும்படி அவை நடுவே கூடுகின்றன. பரிசுத்த திரித்துவத்துக்கு இதை அடையாளமாகக் கொள்வர். இதே வடிவம் சீன தேசத்து தூன்ஹுவாங் குகைகளின் விதானத்தில், இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் பட்டு வியாபாரியின் துணியில், எந்தெந்த நாடுகளைக் கடந்து அது மேற்கே வந்ததோ என்று எண்ணிப் பார்ப்பது மனத்துக்கு மிகவும் இன்பமானது.

பீடத்தின் வடபுறத்தில் கிளாப்டனின் ஆன்மாவுக்காகப் பூசை நடக்கும்படி கட்டிய சிறு அறைக்கோயில் உள்ளது. கோயில் முழுவதிலும் என் உள்ளத்துக்கு மிக நெருங்கிய இடம் அதுவே. மேல் விளிம்பில், கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தைச் சுற்றி, சுருளோலை விரிந்தாற்போல் எழுதப்பட்டிருப்பவை ஜான் லிட்கேட்டின் பாடல்கள். லிட்கேட், பெரி மடத்துத் துறவி. சாசருக்குப் பின் வந்த ஆங்கிலக் கவிகளுள் மிகுந்த கீர்த்தி பெற்றவர். இந்த அறை எழுமுன்னரே இறந்தவர். பக்கத்து மடத்துக் கவியின் பாட்டை ஏட்டில் அல்லாமல் சுவரில் எழுதிவைத்து, பூசைக்கு நிற்பவர் கண்ணை உயர்த்தும்போதெல்லாம் படிக்கச் செய்தார் கிளாப்டன். கிழக்குச் சாளரத்தில் ஒரு சிறு கண்ணாடித் துண்டில், லீலி மலர்ச்செடியின்மேல் அறையுண்ட கிறிஸ்துவைக் காணலாம். லீலி மங்கள வார்த்தைத் திருநாளின் மலர். கபிரியேல் தூதர் கன்னிமரியிடம் வந்ததும், கிறிஸ்து சிலுவையில் உயிர்விட்டதும் மார்ச்சு 25ஆம் தேதியிலேயே என்ற பழைய ஐதிகம் இரண்டையும் ஒரே உருவத்தில் சேர்த்துவிட்டது. இங்கிலாந்தில் இவ்வகைச் சித்திரங்கள் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன.

இந்த அறைக்கும் பலிபீடத்துக்கும் நடுவே சுவரைத் திறந்து, அந்தத் திறப்பில் கிளாப்டன் தம் கல்லறையை அமைத்துக்கொண்டார். அதன்மேல் உருவச்சிலை கிடையாது. தட்டையான மேற்கல் மட்டுமே. மேலே கவிந்த வளைவில் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் வர்ணச் சித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. சிலையின்மைக்குக் காரணம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமையன்று சிலுவையையும் திவ்விய நற்கருணையையும் கிறிஸ்துவின் கல்லறையாகப் பாவிக்கப்பட்ட ஓரிடத்தில் வைத்து மூடி, மெழுகுவர்த்தி ஏற்றி இரவும் பகலும் காவலிருந்து, உயிர்த்த ஞாயிறு அதிகாலையில் பாட்டோடு வெளியே எடுப்பது அக்கால வழக்கம். மெல்ஃபோர்டில் அவ்விடம் கிளாப்டனின் கல்லறையே. ஆண்டுக்கு ஒருமுறை, ஊரார் அனைவரும் கூடிய வேளையில், அவருடைய எலும்புகளுக்கு நேர்மேலே ஆண்டவர் அடக்கம் பண்ணப்பட்டு எழுந்தருளினார். அதைவிட மேலான இடத்தை எந்தச் செல்வமும் வாங்கித் தராது.

கோயிலின் கிழக்குக் கோடியில், மூன்று முகடுகளோடு தனித்த கட்டடமாக நிற்பது தேவமாதா சிறுகோயில். நடுவே தூண்கள் சூழ்ந்த ஒரு பூசையிடம்; அதை நாற்புறமும் வலம்வரும் சுற்றுவழி. இங்கிலாந்துப் பங்குக் கோயில்களில் இவ்வமைப்பு மிக அபூர்வமானது.

கட்டடத்தை மட்டும் பார்த்தால் பாதியையே அறிந்தவர்களாவோம். அதற்குள் நடந்த வாழ்க்கையை நமக்குக் காட்டுபவர் ரோஜர் மார்ட்டின். ஏறக்குறைய 1527இல் பிறந்து 1615இல் இறந்த இவர், சுவரெழுத்தில் வரும் மார்ட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவர். எட்டாம் ஹென்றியின் காலத்தில் சிறுவராக இருந்து, பின்வந்த மூன்று அரசாட்சிகளின் மாறுதல்களையும் கண்டு, முதலாம் ஜேம்ஸ் காலம்வரை வாழ்ந்தார். பழைய கத்தோலிக்க வேதத்தை இறுதிவரை விடவில்லை. தாம் அறிந்திருந்த நாளில் மெல்ஃபோர்டுக் கோயில் எந்நிலையில் இருந்தது என்று முதுமையில் ஒரு விவரணம் எழுதி வைத்தார். இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தத்துக்கு முந்திய ஊர்க்கோயிலைப் பற்றி, அதில் வழிபட்ட ஒருவர் எழுதிய விவரணம் இதைப்போல் வேறு கிடைப்பது அரிது.

பெரிய பீடத்தின் பின்னால், ஒரே பெருமரத்தில் செதுக்கிய மலை ஒன்று சாளரத்தின் அடிவரை உயர்ந்திருந்ததாம். அதில் கிறிஸ்துவின் பாடுகளின் சரித்திரம், வாளேந்திய குதிரைவீரரும் காலாட்களுமாக, பொன்முலாம் பூசி நிறைந்திருந்தது. கோயிலின் அகலம் முழுவதும் குறுக்கே ஓடிய மரமாடத்தின்மேல் பாடுபட்ட சுரூபமும், இருபுறத்திலும் மரியாளும் அருளப்பரும் நின்றனர். பெரிய வெள்ளியன்று ஒரு குரு அங்கே நின்று பாடுகளின் வரலாற்றைப் பாடுவார். கூரையில் பொன் நட்சத்திரங்கள் மின்னின. மார்ட்டின் குடும்பத்தாரின் பக்கக்கூடத்தில் இருந்த தேவமாதாவின் சுரூபத்தைப் பற்றி எழுதும்போது, அவள் கன்னத்தில் கண்ணீர் வழிவதுபோலவே இருந்ததென்று அந்த முதியவர் நினைவு கூர்கிறார்.

குருத்து ஞாயிறன்று கோயில் முற்றத்தில் இரண்டு பவனிகள் புறப்படும். திவ்விய நற்கருணையை விதானத்தின்கீழ் ஏந்தியவர்கள் ஒரு திசையாகவும் மற்றவர்கள் எதிர்த்திசையாகவும் செல்வார்கள். சிறுமணி ஒலிக்க, பாட்டோடு நற்கருணை தேவமாதா சிறுகோயிலின் கிழக்கே தோன்றும்போது, கிளாப்டனின் பக்கவாயிலுக்கு மேலுள்ள சிறு கோபுரத்தின்மீது நின்ற ஒரு பையன், தீர்க்கதரிசியைப்போல் அதைச் சுட்டிக்காட்டி, அரசர் வருகிறார் என்று லத்தீனில் பாடுவான். கூட்டம் முழுவதும் முழந்தாளிடும். பிறகு எல்லாரும் ஒன்றாய்ச் சேர்ந்து முன்மண்டபத்தை நெருங்கும்போது, பிள்ளைகள்மீது பூக்களும் மெல்லிய அப்பங்களும் வாரி இறைக்கப்படும். ஆரோகணத் திருநாளுக்கு முந்திய மூன்று நாட்களில் கைமணி ஒலிக்க ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். நாளொரு திசையாகச் சென்று, காலத்துக்கு ஏற்றபடி மழை வேண்டியும் நல்ல வெயில் வேண்டியும் ஜெபிப்பார்கள். ஸ்நாபக அருளப்பர் திருநாளின் முந்திய இரவில் மார்ட்டினின் பாட்டனார் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார். ஏழைகளுக்கு ரொட்டியும் மதுவும் வழங்குவார். அண்டை வீட்டு ஏழைகள் சிலரை உள்ளே அழைத்துத் தம்மோடு பந்தியில் அமர்த்துவார். கூடத்தில் அருளப்பரின் சுரூபத்துக்கு முன்னே மஞ்சளும் பச்சையுமான மெழுகு உருண்டைகளோடு வர்த்திகள் வரிசையாக எரியும்.

இவை அனைத்தும் சமயச் சீர்திருத்தத்தினால் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. 1538இல் சுரூபங்களுக்கு விளக்கேற்றுவது தடை செய்யப்பட்டது. 1539இல் பெரி மடம் கலைக்கப்பட்டது. ஆறாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்த 1547இல் இயற்றிய சட்டம், இறந்தோருக்காகப் பூசை செய்யும் மானியங்களையெல்லாம் பறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் சுரூபங்கள் முழுவதும் அகற்றப்பட்டன. மேரி இராணியின் ஐந்தாண்டு ஆட்சியில் பழைய வழிபாடு திரும்பிற்று. 1559இல் மறுபடியும் போயிற்று. உத்தரிக்கிற ஸ்தலம் என்பதே கட்டுக்கதை என்று அரசாங்கம் விதித்தபின், கிளாப்டனின் அறைக்கோயிலுக்கு வேலை இல்லை. சீர்திருத்தக்காரரின் மனச்சாட்சியை நான் குறை கூறவில்லை. ஏழையின் காசு பூசைக்கும் மெழுகுக்கும் போய்த் தீர்கிறதே என்று அவர்களுள் நல்லவர் பலர் உண்மையாகவே வருந்தினர். ஆயினும் மரித்த தந்தையின் பெயரை வழிபாட்டில் உச்சரிக்கலாகாது என்று ஒரு நாள் கேள்விப்பட்ட ஊராரின் துயரம், அந்த வாதங்களால் சிறிதும் குறைந்திராது. மார்ட்டின், தம் பக்கக்கூடத்துப் பீடத்தில் இருந்த சிலுவைக் காட்சியைத் தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று காத்தார். அது பழுதுபட்டிருக்கிறதென்றும், ஒரு நாள் தம் வாரிசுகள் செப்பனிட்டு மறுபடியும் கோயிலில் வைப்பார்கள் என்று நம்புவதாகவும் எழுதினார். அந்த நாள் வரவில்லை. சுவரெழுத்தோ தப்பியது. பித்தளைத் தகட்டில் பொறித்த வேண்டுகோளைப் பெயர்த்தெடுப்பது எளிது. சுவரோடு ஒன்றிவிட்ட கல்லெழுத்தைப் பெயர்க்கச் சுவரையே இடிக்க வேண்டும். ஆகையால், ஜெபியுங்கள் என்று அந்தக் குடிகள் விடுத்த வேண்டுகோள், அப்படி ஜெபிப்பது விலக்கப்பட்ட நூற்றாண்டுகளிலும் கோயிலுக்கு வந்தவர் அனைவர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது.

பிற்காலச் செய்திகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். மடத்தின் நிலம் சர் வில்லியம் கார்டெல் கைக்கு வந்தது. பொதுமக்கள் சபையின் சபாநாயகராக இருந்த அவர் 1573இல் கோயிலருகே முதியோருக்கு ஒரு தர்மவிடுதி ஏற்படுத்தினார். 1581இல் இறந்த அவருடைய கல்லறை பீடத்தின் தென்புறத்தில், விவேகம் நீதி முதலிய நான்கு குணங்களின் உருவங்களோடு பிரமாதமாக நிற்கிறது. எதிரே கிளாப்டனின் எளிய கல்லைப் பார்த்தால், இரண்டு யுகங்களின் மனோபாவமும் விளங்கும். தேவமாதா சிறுகோயில் பள்ளிக்கூடமாயிற்று. அதன் சுவரில் எழுதிய பெருக்கல் வாய்பாடு இன்னும் இருக்கிறது. பழைய கோபுரம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்து பாழாகி, செங்கல்லால் மாற்றப்பட்டது. 1898 முதல் 1903 வரை போட்லி என்ற கட்டடக் கலைஞர் அந்தச் செங்கல்லைச் சுற்றிக் கல்லும் சிக்கிமுக்கியும் போர்த்திப் பழைய பாணியில் உயர்த்தினார். அதே பதினெட்டாம் நூற்றாண்டில் தரையின் அடியில் ஓர் அலபாஸ்டர் சிற்பம் அகப்பட்டது; மூன்று அரசர்கள் பாலகனை வணங்கும் காட்சி, தாய் கட்டிலில் சாய்ந்திருக்க, கட்டிலின் அடியிலிருந்து மாடுகள் எட்டிப் பார்க்கின்றன. உடைபடாமல் தப்புவதற்காக யாரோ அதைப் புதைத்து வைத்தார்கள் என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

உங்களில் யாரேனும் அந்நாட்டுக்குச் செல்ல நேர்ந்தால், இலண்டனிலிருந்து சட்பரி வரை இரயிலில் போகலாம். அங்கிருந்து மெல்ஃபோர்டு சுமார் 3 மைல். கோயிலை அடைந்தவுடன் உள்ளே நுழைந்துவிடாமல், தென்புறச் சுவரை முன்மண்டபம் தொடங்கிக் கிழக்கு நோக்கி எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டு வந்து, தேவமாதா சிறுகோயிலைச் சுற்றி, அதன் பிறகே உள்ளே செல்லுங்கள். கிளாப்டனின் அறைக்கோயிலுக்குக் கடைசியில் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். லிட்கேட்டின் எழுத்து பழையது, உயரத்தில் உள்ளது, பல இடங்களில் மங்கியும் இருக்கிறது. அச்சிட்ட பாடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் வரி வரியாகத் தொடர்ந்து படித்துவிடலாம்.